மணி அடிக்கிறது, குரல் வரவில்லை

கணினி வலையமைப்பைக் கற்க எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் ஒரு தொலைபேசி சர்வரை நிறுவிப் பாருங்கள். பாடப்புத்தகங்கள், வலையமைப்பின் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியில் ஆரம்பிக்கும். அந்த ஏழையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பவர்களில் பலருக்கு, வைஃபை முரண்டு பிடித்தால் ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கு மேல் ஒன்றும் தோன்றாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடுக்குகள் தாளில் இருக்கும்வரை அவற்றால் யாருக்கும் வலி இல்லை.

இணையதளம் பார்ப்பதால் வலையமைப்பு புரிந்துவிடாது. தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். அதில் ஒன்று வழியில் தொலைந்தால் டிசிபி என்ற நெறிமுறை அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். பக்கம் அரை நொடி பிந்தி வரும், நாம் கவனிக்கவே மாட்டோம். வீடியோவிலும் அப்படித்தான், அடுத்த பல நொடிகளுக்கான படம் முன்னதாகவே வந்து காத்திருக்கும். பேச்சில் அதற்கு வழியில்லை. எதிர்முனையில் இருப்பவர் இன்னும் சொல்லாத சொல்லை முன்கூட்டி இறக்கி வைக்க முடியுமா? அதனால் வலையமைப்பின் குறைகள் அத்தனையும் நேராகக் காதுக்கு வந்துவிடும். கொஞ்ச நாள் பழகினால் ஒரு விஷயம் பிடிபடும்: ஒவ்வொரு கோளாறுக்கும் தனி ஒலி இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் கேட்பது ஒரு கோளாறு. சரியாக முப்பத்திரண்டாவது நொடியில் அழைப்பு அறுந்துபோவது வேறொன்று. குரல் கரகரத்து உடைவது இன்னொன்று. இந்த ஒலிகளைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு வலையமைப்பு புரிந்தது.

மூலையில் கிடந்த பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதன்மேல் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி சர்வர் மென்பொருளை நிறுவினேன். ஆஸ்டரிஸ்க் பிறந்த கதை எனக்குப் பிடித்தமானது. 1999-இல் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் லினக்ஸ் உதவிச் சேவை தரும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். வரும் அழைப்புகளைப் பிரித்துவிட ஒரு பிபிஎக்ஸ், அதாவது அலுவலகத்துக்குள் இருக்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச், வேண்டும். வாங்கக் காசில்லை. தானே எழுதிவிட்டார். அதைத் திறமூலமாக வெளியிட்டதால், பெரிய நிறுவனங்களின் பூட்டிய அறைக்குள் இருந்த ஒரு தொழில்நுட்பம் இன்று யார் மேசைக்கும் வரலாம் என்றாகிவிட்டது.

நிறுவுவது கடினமில்லை. செய்முறை தேடும்போது மட்டும் கவனம் தேவை. இணையத்தில் அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறைக்கு சிப் என்று பெயர். அதற்கான ‘சிப்.கான்ஃப்’ என்ற அமைப்புக் கோப்பைத் திருத்தச் சொல்லும் செய்முறை கிடைத்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அந்தக் கோப்பைப் படிக்கும் பழைய டிரைவரை 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பிலேயே நீக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது பிஜேசிப். முதல் பார்வைக்குச் சுற்றிவளைப்பதாகத் தெரியும். ஒரே ஒரு போனைச் சேர்க்க மூன்று பகுதிகள் எழுதச் சொல்லும்: எண்ட்பாயிண்ட், ஆத், ஏஓஆர். போன் எந்த கோடெக்கில், அதாவது குரலை எண்களாக்கும் எந்த முறையில், பேசும், அது அழைத்தால் எந்த விதிப்படி போகும் என்பது எண்ட்பாயிண்ட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஆத். போன் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் இடம் ஏஓஆர்.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு போனுக்கு நான் கொடுத்த 101 என்ற எண் ஒரு பெயர். அந்தப் பெயருக்குரிய மொபைல் காலையில் ஒரு ஐபி முகவரியில் இருக்கும், மாலையில் வேறொன்றில் இருக்கும். பெயர் மாறாது, இடம் மாறும். இரண்டையும் இணைக்கும் ஒரு குறிப்பு நடுவில் எங்காவது இருந்தாக வேண்டும். வலையமைப்பில் எந்த அடுக்கைத் தொட்டாலும் இதே ஏற்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. இணையதளப் பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைத் தருவது 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ். ஐபி முகவரியைக் கொடுத்தால் வன்பொருளின் 48 பிட் மேக் முகவரியைக் கண்டுபிடிப்பது அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஏஆர்பி. தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் ஐபி முகவரியையும் போர்ட்டையும் (அந்த முகவரிக்குள் எந்தச் செயலிக்கு என்று காட்டும் எண்) சொல்வது சிப் சர்வரின் பதிவேடு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதன் வேறு வேறு வடிவங்களாகத் தெரியும். எந்தப் புத்தகமும் இதை முதல் பக்கத்தில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சர்வருக்கு மாறாத முகவரி வேண்டும், இல்லையென்றால் போன்கள் எங்கே போய்த் தேடும்? சாதாரணமாக வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுப்பது ரவுட்டரில் உள்ள டிஹெச்சிபி. புதிதாக வந்த கருவி ‘யாராவது முகவரி தருவீர்களா?’ என்று வலையமைப்பு முழுக்கக் கேட்கும்; ரவுட்டர் ஒன்றை நீட்டும்; கருவி ‘அதுவே போதும்’ என்னும்; ரவுட்டர் உறுதி செய்யும். நான்கே செய்திகள். அந்த முகவரி குத்தகைதான், சொந்தம் இல்லை. ரவுட்டர் அமைப்புக்குள் போய், இந்த மேக் முகவரி கேட்டால் எப்போதும் இதையே கொடு என்று எழுதிவைத்தால் முடிந்தது. அப்படி என் சர்வருக்கு 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்று கிடைத்தது. இந்த வரிசையும், 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும் தனி வலையமைப்புகளுக்கென்று 1996-இல் ஒதுக்கப்பட்டவை. யார் வீட்டிலும் இருக்கலாம். அதனாலேயே வெளி இணையத்தில் இவற்றுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. இந்தச் சின்ன விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதுவே நம்மை ஆட்டிப் படைக்கும்.

மொபைலையோ கணினியையோ சர்வரோடு பேசும் போனாக்கும் சாஃப்ட்போன் செயலி எதுவானாலும் சரி. நான் லின்ஃபோனைப் போட்டேன். முதல் அழைப்பை இன்னொரு மனிதருக்குச் செய்யாதீர்கள். ஆஸ்டரிஸ்க்கில் ‘எக்கோ’ என்று ஒரு வசதி உண்டு. 600 என்ற எண்ணுக்கு அதை ஒதுக்கிவிட்டு அழைத்தால், நாம் பேசுவது அப்படியே நமக்குத் திரும்பி வரும். தன் குரல் சர்வர்வரை போய் வர எவ்வளவு நேரமாகிறது என்று காதாலேயே அளந்துவிடலாம். போனை விருந்தினர் வைஃபையில் இணைத்திருந்தால் மட்டும் பதிவே ஆகாது. விருந்தினர் வலையமைப்பில் இருப்பவர்கள் உள்ளே இருக்கும் கருவிகளைத் தொடக்கூடாது என்று ரவுட்டர் பிரித்து வைத்திருக்கும். ஒரே ரவுட்டர், ஒரே கூரை, ஆனாலும் இரண்டு வலையமைப்புகள்.

அடுத்து வயர்ஷார்க். ஜெரால்ட் கோம்ஸ் 1998-இல் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006-இல் பெயர் மாறிய மென்பொருள். கம்பியில் போகும் பாக்கெட் ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டும். அதன் மெனுவில் தொலைபேசிக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. ஓர் அழைப்பைத் தேர்ந்தெடுத்தால் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று அம்புக்குறிகளோடு ஏணிப்படம் வரைந்து தரும். மற்ற நெறிமுறைகளைவிட சிப் படிக்க எளிது, ஏனென்றால் அது முழுக்க எழுத்து. வலைப்பக்கங்களுக்கான எச்டிடிபியைப் பார்த்துச் செய்தது போலவே இருக்கும். 404 என்றால் ‘அப்படி யாரும் இல்லை’ என்பதுகூட அங்கிருந்து வந்ததுதான். இன்று புழக்கத்தில் இருக்கும் சிப் 2002-இல் வரையறுக்கப்பட்டது.

போன் சர்வரிடம் பதிவு செய்வதை முதன்முதலில் பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். ‘ரெஜிஸ்டர்’ என்று போன் கேட்கும்; சர்வர் சொல்லும் முதல் பதிலே மறுப்பு, 401. லாக் முழுக்க 401 நிரம்பிக் கிடப்பதைப் பார்த்துக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுக் களைத்தவர்கள் உண்டு. அது கோளாறே இல்லை. அந்த மறுப்போடு சேர்த்து ஒரு தற்செயல் எழுத்துத்தொடரையும் சர்வர் அனுப்புகிறது. போன் அந்தத் தொடரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து அரைத்து, அரைத்த மாவை மட்டும் திருப்பி அனுப்பும். சர்வரும் தன் பக்கத்தில் அதையே செய்து ஒப்பிட்டுவிட்டு 200 ஓகே சொல்லும். கடவுச்சொல் கம்பியில் பயணிக்கவே இல்லை.

அழைப்பின் ஏணிப்படம் இன்னும் அழகு. ‘இன்வைட்’ போகிறது, 100 என்று ‘முயன்றுகொண்டிருக்கிறேன்’ வருகிறது, 180 வந்தால் எதிர்முனையில் மணி அடிக்கிறது, எடுத்ததும் 200, அதற்கு இந்தப் பக்கத்திலிருந்து ‘ஆக்’ என்ற ஒப்புகை. வைக்கும்போது ‘பை’. வேறொரு பேச்சில் இருந்தால் 486. எடுக்காமல் தட்டிவிட்டால் 603 வரலாம். இத்தனையிலும் ஒரு சொல் குரல்கூட இல்லை. சிப் குரலைச் சுமப்பதில்லை. இரண்டு பேரையும் பேச வைப்பதற்கான ஏற்பாட்டை முடித்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது. ‘எனக்கான குரலை இந்த முகவரிக்கு, இந்த போர்ட்டுக்கு, இந்த கோடெக்கில் அனுப்பு’ என்று இன்வைட்டின் வயிற்றுக்குள் ஒரு சிறு குறிப்பு இருக்கும். அதன் பெயர் எஸ்டிபி. குரல் போவது ஆர்டிபி என்ற வேறு நெறிமுறையில், வேறு போர்ட்டில், சில சமயம் முற்றிலும் வேறு பாதையில். மணி அடிக்கும் பாதையும் குரல் போகும் பாதையும் ஒன்றல்ல. இணையத் தொலைபேசியில் வரும் தலைவலிகளில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

குரல் எப்படிப் போகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஜி.711 என்பது 1972-இல் வந்த கோடெக், இன்றும் எல்லாக் கருவிகளிலும் இருக்கும். குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதும்; ஆக நொடிக்கு 64,000 பிட். வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், அதில் 160 பைட் குரல். அதன் தலையில் ஆர்டிபி 12 பைட், யுடிபி (தொலைந்ததைத் திரும்பக் கேட்காமல் அனுப்பும் நெறிமுறை) 8 பைட், ஐபி 20 பைட். மொத்தம் 200 பைட். நொடிக்கு 50 பாக்கெட் என்றால் ஒரு திசைக்கு 80 கிலோபிட். இன்றைய இணைப்புகளில் இது ஒரு பொருட்டே இல்லை. நொடிக்கு 8 கிலோபிட்டில் பேச வைக்கும் ஜி.729-ஐ எடுத்தால் வேடிக்கை வேறு. 20 மில்லிநொடிக்குக் குரல் வெறும் 20 பைட். தலைச்சுமை அதே 40 பைட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கோடெக் குரலை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் கம்பியில் மிச்சமாவது எட்டில் ஏழு பங்கு அல்ல, 80 கிலோபிட் 24 ஆகிறது, அவ்வளவுதான். ‘அடுக்கு’ என்று புத்தகம் சொல்வதன் விலை இது. இந்தக் கூட்டலைக் கையால் போட்ட பிறகுதான் அந்தப் படத்துக்கு எனக்கு அர்த்தம் வந்தது. 2012-இல் வந்த ஓபஸ் கிடைக்கும் இடத்தில் அதையே வையுங்கள். பழைய தொலைபேசி வெட்டிவிடும் உயர் அதிர்வெண்களையும் அது கொண்டுபோவதால் ‘ஸ’வும் ‘ஃப’வும் குழம்பாமல் காதில் விழும்.

குரல் யுடிபியில் போவதற்குக் காரணம் எளிது. தொலைந்த 20 மில்லிநொடியைத் திரும்பக் கேட்டு வாங்கினால் அது வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும், அடுத்ததை அனுப்பு என்பதே பேச்சுக்குப் பொருத்தம். இதன் வரலாறு பலருக்கும் தெரியாது. இணையத்தில் குரல் என்பது பிற்காலத்தில் ஒட்டவைத்த வசதி என்று நினைக்கிறோம். 1974 ஆகஸ்டிலேயே, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் குரலைப் பாக்கெட்டாக அனுப்பிச் சோதித்துவிட்டார்கள். அந்தச் சோதனைகளை நடத்தியவர்களில் டேனி கோஹன் முக்கியமானவர். அப்போது டிசிபி என்பது எல்லாவற்றையும் தானே செய்யும் ஒற்றை நெறிமுறையாக இருந்தது. எதுவும் தொலையாமல் வரிசையாகச் சேர்ப்பதே அதன் குறி. குரலுக்கு அது வேண்டாம், காலம் தவறாமல் வந்தால் போதும் என்று வாதாடியவர்களில் கோஹனும் ஒருவர். 1978-இல் டிசிபி இரண்டாகப் பிரிக்கப்பட்டது: முகவரியும் வழியும் பார்க்கும் ஐபி கீழே, நம்பகத்தைப் பார்க்கும் டிசிபி மேலே. நம்பகம் தேவைப்படாதவர்களுக்கு 1980-இல் யுடிபி வந்தது. இணையத்தின் அடித்தளம் இப்படி இரண்டு அடுக்காக இருப்பதில் தொலைபேசிக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்தபோது, தொலைபேசியை வைத்து வலையமைப்பைக் கற்பது குறுக்குவழி அல்ல, நேர்வழிதான் என்று தோன்றியது.

வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காகப் பேசியது. வெளியூரில் இருக்கும் தம்பிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் எண் கொடுத்த பிறகுதான் உண்மையான பாடம். மணி அடித்தது, எடுத்தான். அவன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. “அண்ணா, அண்ணா, கேக்குதா? ஒண்ணுமே கேக்கல எனக்கு” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். பிறகு சாதாரண போனில் அழைத்து, “உன் சர்வர்ல ஏதோ கோளாறு” என்றான். சர்வரில் ஒரு கோளாறும் இல்லை என்பதுதான் விசேஷம்.

என் வீட்டில் உள்ள கருவிகளுக்கு இருப்பது 192.168 முகவரி. வெளி உலகில் ரவுட்டருக்கு இருப்பதோ ஒரே ஒரு பொது முகவரி. உள்ளிருந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் ஐபி தலைப்பிலும் ரவுட்டர் தன் முகவரியை எழுதி அனுப்பிவிட்டு, பதில் வந்தால் யாரிடம் சேர்ப்பது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. இதுதான் நேட். இன்றும் பரவலாகப் புழங்கும் ஐபி பதிப்பான ஐபிவி4-இல் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். உலகளாவிய பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. நேட் இல்லாவிட்டால் எப்போதோ திணறியிருப்போம். ஆனால் ரவுட்டர் மாற்றுவது தலைப்பை மட்டும். இன்வைட்டின் வயிற்றுக்குள் எஸ்டிபியில் எழுதியிருப்பதை அது பார்ப்பதில்லை. அங்கே ‘குரலை 192.168 என்ற இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று எழுதியிருந்தால் எதிர்முனைக் கருவி அப்படியே அனுப்பும். அந்த முகவரி அந்தக் கருவி இருக்கும் வீட்டிலும் இருக்கலாம், எங்கேயும் இல்லாமலும் போகலாம். சிப் செய்தி சரியாக வந்ததால் மணி அடிக்கிறது. குரல் எழுதப்பட்ட முகவரியைத் தேடிப்போய்க் காணாமல் போகிறது. எங்கள் விஷயத்தில் தம்பியின் போன் எழுதிய உள் முகவரியைத் தேடிப்போன என் குரல் செத்தது, அவன் குரல் பிழைத்தது. ஒருபக்கம் மட்டும் கேட்கிறது என்று யார் சொன்னாலும் இப்போது என் வாயில் முதலில் வருவது ‘எஸ்டிபியில் என்ன முகவரி இருக்கிறது பார்’ என்பதுதான்.

தீர்வு ஆஸ்டரிஸ்க்கின் அமைப்பிலேயே இருக்கிறது. உன் வெளி முகவரி இது, உன் உள் வலையமைப்பு இது, வெளியே போகும் செய்தியில் வெளி முகவரியை எழுது என்று மூன்று வரிகள். போன்கள் தங்களுக்குள் நேராகக் குரலைப் பரிமாறிக்கொள்ள விடாமல் சர்வர் வழியாகவே அனுப்ப வைப்பது இன்னொரு வரி. எதிர்முனை சொல்லும் முகவரியை நம்பாமல், பாக்கெட் உண்மையில் எங்கிருந்து வந்ததோ அங்கேயே பதில் குரலை அனுப்பு என்பது மற்றொன்று. நேட்டுக்குப் பின்னால் இருக்கும் போன்களுக்கு இது உயிர்நாடி. பிரவுசரில் நடக்கும் வீடியோ அழைப்புகள் இதே சிக்கலை வேறு விதமாகத் தாண்டுகின்றன. வெளியில் உள்ள ஸ்டன் சர்வரிடம் ‘நான் உனக்கு எந்த முகவரியாகத் தெரிகிறேன்?’ என்று கேட்டுவிட்டு, கிடைத்த முகவரிகளையெல்லாம் இரு பக்கமும் பரிமாறி, எந்த ஜோடி வேலை செய்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். எதுவும் ஒத்துவராவிட்டால் டர்ன் என்ற இடைத்தரகு சர்வர்.

இதற்கு நடுவே ரவுட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’ என்று ஓர் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். எஸ்டிபியைத் தானே திருத்தி உதவுவதாக நினைத்துச் செய்த வசதி அது. பல ரவுட்டர்களில் அரைகுறையாகத் திருத்தி, சரியாக இருப்பதையும் கெடுக்கும். உதவி செய்கிறேன் என்று குறுக்கே வந்து நிற்பவர்களிடம் படும் பாடு இதிலும் உண்டு.

முப்பத்திரண்டு நொடிக் கோளாறு எனக்கு மிகவும் பிடித்தது. அழைப்பு சேர்கிறது, இருபக்கமும் நன்றாகக் கேட்கிறது, அரை நிமிடம் தாண்டியதும் பட்டென்று அறுபடுகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். குத்துமதிப்பாக அறுந்தால் இணைப்பின் தரத்தைச் சந்தேகிக்கலாம். கடிகாரம் வைத்தது போல அறுந்தால் எங்கோ ஒரு டைமர் இருக்கிறது என்று பொருள். சிப் வரையறையில் அடிப்படைக் காலஅளவு அரை நொடி. 200 ஓகே அனுப்பியவர் அதற்கு ஆக் வரும்வரை அதையே திரும்பத் திரும்ப அனுப்புவார்; அரை நொடியைப் போல் 64 மடங்கு காத்திருந்தும் வராவிட்டால் அழைப்பை முறித்துவிடுவார். அதுதான் 32 நொடி. குரல் போகிறது, ஆனால் அந்த ஒற்றை ஒப்புகை போய்ச் சேரவில்லை. காரணம் பெரும்பாலும் பழைய கதைதான்: ‘காண்டாக்ட்’ என்ற தலைப்பில் வெளியுலகுக்குப் புரியாத 192.168 முகவரி. ஏணிப்படத்தில் 200 ஓகே மட்டும் வரிசையாக அடுக்கி நிற்பதைப் பார்த்தால் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று, நாம் அழைத்தால் போகும், நமக்கு வரும் அழைப்பு மட்டும் கொஞ்ச நேரம் கழிந்தால் வராது. ரவுட்டரின் நேட் அட்டவணை யுடிபிக்கான குறிப்புகளை வெகுநேரம் வைத்திருப்பதில்லை. பேச்சுமூச்சில்லாமல் இருந்தால் சீக்கிரமே அழித்துவிடும். அழிந்த பிறகு வெளியிலிருந்து வரும் இன்வைட்டை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. குறுகிய இடைவெளியில் ஒரு சிறு செய்தியை அனுப்பிக்கொண்டே இருந்தால் குறிப்பு உயிரோடு இருக்கும். ‘குவாலிஃபை’ என்ற அமைப்பு செய்வது இதைத்தான்.

ரவுட்டரில் போர்ட் திறந்தும் வெளியிலிருந்து எதுவும் வரவில்லையென்றால், ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் உங்கள் இணைய சேவையாளரே இன்னொரு நேட் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை அது. உங்கள் ரவுட்டரில் என்ன திறந்தும் பயனில்லை, மேலே இருக்கும் கதவு உங்கள் கையில் இல்லை. வெளியில் பொது முகவரி உள்ள சிறு சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வயர்கார்டு என்ற விபிஎன், அதாவது இணையத்துக்குள் போடும் தனிச் சுரங்கப்பாதை, வழியாக வீட்டோடு இணைப்பதே நான் கண்ட நிம்மதியான வழி. தம்பியின் போனும் இப்போது அந்த விபிஎன்னுக்குள்தான் வருகிறது. விபிஎன்னுக்குள் நேட்டே இல்லை. மேலே பக்கம் பக்கமாகச் சொன்ன தொல்லை அத்தனையும் ஒரே அடியில் போய்விடுகிறது. பிறகு ஏன் இதையெல்லாம் கற்க வேண்டும் என்றால், கற்றதால்தான் விபிஎன் எதைத் தீர்க்கிறது என்று தெரிகிறது.

குரல் உடைந்து கரகரப்பது வேறு வகை. பாக்கெட்டுகள் 20 மில்லிநொடிக்கு ஒன்றாகக் கிளம்பினாலும் அதே இடைவெளியில் வந்து சேராது. இந்த ஏற்றத்தாழ்வுதான் ஜிட்டர். வாங்கும் போன் கொஞ்சம் சேர்த்துவைத்துச் சீராக ஒலிக்கவிடும்; அதிகம் சேர்த்தால் தாமதம், குறைவாகச் சேர்த்தால் உடைசல். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பரிந்துரை. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். வீட்டில் யாராவது பெரிய கோப்பை மேலேற்றும்போது மட்டும் குரல் உடைந்தால் ரவுட்டரின் வரிசையைச் சந்தேகியுங்கள். எதையும் தொலைக்கக்கூடாது என்று பல கருவிகளில் தேவைக்கு மேல் பெரிய காத்திருப்பு வரிசையை வைத்துவிட்டார்கள். கோப்பின் பாக்கெட்டுகள் அதை நிரப்பிவிட, குரல் அவற்றின் பின்னால் நிற்கும். ஜிம் கெட்டிஸ் இதை பஃபர்புளோட் என்று பெயரிட்டு எழுதிய பிறகே உலகம் கவனித்தது. மேலேற்றம் ஓடும்போது, பாக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கொடுத்துப் பாருங்கள், எண்கள் எகிறுவது கண்ணுக்குத் தெரியும். வேகமான இணைப்பு வாங்குவது இதற்கு மருந்தல்ல. வரிசையை நிர்வகிக்கத் தெரிந்த ரவுட்டர்தான் மருந்து. எதிரொலி பற்றியும் ஒரு குறிப்பு: உங்கள் குரல் உங்களுக்கே திரும்பிக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில். அங்கே ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் போகிறது.

சிப் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால் விருந்தாளிகள் வர அதிக நேரம் ஆகாது. 100, 101, 102 என்று எண்களை வரிசையாக முயன்று, எளிய கடவுச்சொற்களைத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் உலவுகின்றன. அவற்றின் நோக்கம் உங்கள் பேச்சைக் கேட்பது அல்ல. வெளி எண்களை அழைக்கும் இணைப்பு உங்கள் சர்வரில் இருந்தால், அதன் வழியாகக் கட்டணம் மிகுந்த எண்களை விடிய விடிய அழைத்து உங்கள் பெயரில் பில் ஏற்றுவதுதான். கற்பதற்காக வைப்பவர்கள் பொதுத் தொலைபேசி வலையமைப்போடு இணைக்காமல் இருப்பதே நல்லது. இணைக்க நினைத்தால் அதற்கான சட்டவிதிகள் நாட்டுக்கு நாடு மாறும், முதலில் அதைப் பாருங்கள். அவசர உதவி எண்ணுக்கும் இதை நம்பக்கூடாது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. வீட்டில் மின்சாரம் போனாலும் டயல் டோன் இருக்கும். நம் ஏற்பாட்டில் ரவுட்டர் அணைந்தால் எல்லாம் அணைந்தது.

மறையாக்கத்தைப் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். என் கணக்கில் அது கடைசியில் வருவதே சரி, ஆனால் வராமல் இருக்கக் கூடாது. வயர்ஷார்க்கில் ஜி.711 அழைப்பு ஒன்றைப் பிடித்து ‘பிளே’ அழுத்திப் பாருங்கள். இருவர் பேசியதும் வார்த்தை விடாமல் ஸ்பீக்கரில் வரும். எதையும் உடைக்க வேண்டியதில்லை. அது பூட்டப்படவே இல்லை. குரலைப் பூட்ட எஸ்ஆர்டிபி, சிப் செய்திகளைப் பூட்ட டிஎல்எஸ், இரண்டும் வேண்டும். குரலைப் பூட்டும் சாவியே எஸ்டிபிக்குள் எழுத்தாகப் போகும் முறையில், சிப்பை மூடாமல் குரலை மட்டும் மூடுவது வீண்வேலை. இரண்டையும் போட்ட பிறகு வயர்ஷார்க்கில் ஏணிப்படமும் இல்லை, குரலும் இல்லை, அர்த்தமற்ற பைட்டுகள் மட்டும். அதனால் பூட்டாத இரண்டு எக்ஸ்டென்ஷன்களை வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் தனியே வைத்திருக்கிறேன். புதிதாக எதையாவது சோதிக்க வேண்டுமென்றால் அவற்றுக்கிடையே ஒரு அழைப்பைப் போட்டு, வயர்ஷார்க்கை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அடுத்துப் பார்க்க வேண்டியது, முகவரிகளுக்குப் பஞ்சமில்லாத புதிய பதிப்பான ஐபிவி6.